கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் எங்கே போகும்?

2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவிருந்தது. கூடங்குளம் அணுமின் நிலைய வளாகத்துக்குள், உலையில் எரிந்த எரிபொருளை வைக்க 'ஏஎஃப்ஆர்' (Away From Reactor) என்ற சேமிப்பகம் கட்டுவது குறித்து மக்களின் கருத்தைக் கேட்பதற்கான கூட்டம் அது. எதிர்ப்பு வலுத்ததும் தள்ளிவைக்கப்பட்டது. அன்று முதல் இரண்டு வாக்கியங்கள் மாறி மாறிக் காதில் விழுகின்றன. ஒன்று, "நாட்டின் அணுக்கழிவுக் கிடங்கைத் திருநெல்வேலியில் கட்டுகிறார்கள்." இன்னொன்று, "அது கழிவே அல்ல, மறுபடியும் பயன்படும் சொத்து. பயப்பட ஒன்றுமில்லை." இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, உலையிலிருந்து வெளியே வரும் பொருள் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உலையிலிருந்து வெளியே வருவது என்ன?

கூடங்குளத்தின் ஒவ்வொரு உலையும் 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் ரஷ்ய விவிஇஆர் வகையைச் சேர்ந்தது. அதன் மையத்தில் 163 எரிபொருள் கற்றைகள் நிற்கின்றன. ஒவ்வொரு கற்றையும் சுமார் நாலரை மீட்டர் உயரம். அதில் 311 மெல்லிய கம்பிகள். சிர்கோனியம் கலவையாலான குழாய்க்குள் செறிவூட்டிய யுரேனியம் டை ஆக்ஸைடு வில்லைகளை அடுக்கினால் ஒரு கம்பி. சில ஆண்டுகள் உலைக்குள் இருந்தபின் கற்றையை வெளியே எடுக்கிறார்கள். பார்வைக்கு அது உள்ளே போனபோது இருந்தது போலவேதான் இருக்கும். உள்ளே இருப்பதுதான் மாறியிருக்கும்: ஏறக்குறைய 95 விழுக்காடு யுரேனியம், 1 விழுக்காடு புளூட்டோனியம், 3 முதல் 4 விழுக்காடு பிளவுப் பொருட்கள் (அணு பிளந்தபோது உருவான துண்டுகள்), மிகச் சிறிதளவு அமெரிசியம், நெப்டியூனியம், கியூரியம்.

புதுக் கற்றையைக் கையுறை அணிந்து தொடலாம். எரிந்த கற்றையின் அருகே தடுப்பு எதுவும் இல்லாமல் சில நிமிடங்கள் நின்றாலே உயிருக்கு ஆபத்து. இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் அந்த 3, 4 விழுக்காடு பிளவுப் பொருட்கள்தான். இவற்றில் சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டு. அதாவது 30 ஆண்டில் பாதியும், 60 ஆண்டில் கால்பங்கும் மிஞ்சும். ஸ்ட்ரான்ஷியம்-90ம் ஏறக்குறைய அப்படியே. இவை முந்நூறு ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். புளூட்டோனியம்-239இன் கணக்கு வேறு. அதன் அரை ஆயுள் 24,100 ஆண்டு. கல்லணை கட்டி ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆகின்றன என்பார்கள். அப்படிப் பன்னிரண்டு காலங்கள் கழிந்தால்தான் புளூட்டோனியம் பாதியாகக் குறையும்.

"அணுக்கழிவு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருட்கள்

விவாதம் குழம்புவதற்கு முதல் காரணம் இந்தச் சொல்தான்.

1. தாழ்நிலைக் கழிவு: கையுறை, துணி, வடிகட்டி, குழாய்த் துண்டு போன்றவை. கழிவின் கொள்ளளவில் சுமார் 90 விழுக்காடு இதுதான். ஆனால் கதிரியக்கத்தில் இதன் பங்கு சுமார் 1 விழுக்காடு. நிலைய வளாகத்திலேயே கான்கிரீட் அகழிகளில் வைக்கிறார்கள்.

2. எரிந்த எரிபொருள்: மேலே சொன்ன கற்றைகள். இதை அப்படியே புதைக்க முடிவெடுத்த நாடுகளுக்கு (பின்லாந்து, சுவீடன்) இது கழிவு. பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் கொள்கை உள்ள இந்தியாவுக்கு இது கழிவல்ல.

3. உயர்நிலைக் கழிவு: எரிந்த எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தபின் எஞ்சும் திரவம். கதிரியக்கத்தின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

கூடங்குளத்தின் ஏஎஃப்ஆர் இரண்டாவது வகைக்கான இடம். அந்த வளாகத்தின் உலைகளில் எரிந்தவற்றை வைக்கத்தான் அது திட்டமிடப்பட்டது. நாடு முழுவதிலுமிருந்து கழிவை ஏற்றி வந்து கொட்டுவதற்காக அல்ல. ஆனால் "சொத்து" என்று சொல்லிவிட்டால் அதன் கதிர்வீச்சில் ஒரு துளியும் குறைந்துவிடாது. பெயர் எதுவானாலும், பக்கத்தில் குடியிருப்பவருக்கு அதே சீசியம், அதே வெப்பம்.

தொட்டி நிறைந்தால் உலை நிற்கும்

உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் சூடாகிக்கொண்டே இருக்கும். பிளவு நின்றுவிட்டாலும் பிளவுப் பொருட்கள் தொடர்ந்து சிதைவதால் வரும் வெப்பம் அது. எஞ்சு வெப்பம் என்கிறோம். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் ஓர் உலை நின்ற கணத்தில் இது 6 முதல் 7 விழுக்காடு, அதாவது சுமார் 200 மெகாவாட். ஒரு நாளில் அது மளமளவென்று இறங்கிவிடும். ஓராண்டு கழித்து ஒரு டன் எரிபொருளுக்குச் சுமார் 10 கிலோவாட். பத்தாண்டு கழித்து 1 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். இந்த இறங்குவரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பகத்தின் ஆபத்தை எடைபோட இதைவிட முக்கியமான எண் வேறு இல்லை.

வெளியே எடுத்த கற்றைகள் உலைக்குப் பக்கத்திலேயே துருப்பிடிக்காத எஃகு வேய்ந்த ஆழமான நீர்த்தொட்டியில் நிற்கின்றன. நீர் ஒரே நேரத்தில் வெப்பத்தையும் வாங்குகிறது, கதிர்வீச்சையும் தடுக்கிறது. பிளவுத் தொடர்வினை மறுபடி தொடங்காதபடி நீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். கற்றைகளுக்கு நடுவே இடைவெளியும் கணக்கிட்டே விடப்பட்டிருக்கும். விவிஇஆர்-1000இல் இந்தத் தொட்டி உலையின் பாதுகாப்புக் கவசக் கட்டடத்துக்கு உள்ளேயே அமைந்திருப்பது ஒரு நல்ல அம்சம்.

ஆனால் தொட்டி சிறியது. ஆண்டுக்கு மையத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது சொச்சம் கற்றைகள் வெளியே வருவதாக வைத்துக்கொண்டால், ஏழெட்டு ஆண்டில் தொட்டி நிறைந்துவிடும். இதில் ஒரு விதியும் உண்டு: அவசரத்தில் உலையை முழுதாகக் காலிசெய்ய நேர்ந்தால் 163 கற்றைகளுக்கும் இடம் வேண்டும், அத்தனை குழிகள் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அந்த இடத்தையும் தின்றுவிட்டால் உலையை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. முதல் அலகு 2014 டிசம்பரிலும் இரண்டாம் அலகு 2017 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஆக, சேமிப்பகப் பேச்சு ஏன் 2018, 2019இல் சூடுபிடித்தது என்பதைத் தொட்டியின் அளவே சொல்லிவிடும். உலை ஓடும்வரை கற்றைகள் வந்துகொண்டே இருக்கும். இரண்டு உலைகள் 40 ஆண்டு ஓடினால் சுமார் 4,000 கற்றைகள். வளாகத்தில் திட்டமிட்டிருப்பதோ மொத்தம் ஆறு உலைகள்.

ஏஎஃப்ஆர்: எப்படி வேலை செய்யும், எங்கே தவறும்?

பெயரின் பொருள் 'உலைக்கு அப்பால்' என்பது மட்டுமே. ஊருக்கு அப்பால் அல்ல, வளாகத்துக்கு அப்பாலும் அல்ல. வேலை இந்த வரிசையில் நடக்கும்:

1. தொட்டியில் பல ஆண்டுகள், பொதுவாக ஐந்துக்குக் குறையாமல், ஆறிய கற்றைகளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

2. தடித்த எஃகுக் கலனை நீருக்கடியில் இறக்கி, நீருக்குள்ளேயே கற்றைகளை அதில் வைத்து மூடுவார்கள்.

3. கலனை மேலே தூக்கி, வெளிப்புறத்தைக் கழுவி, கசிவு சோதித்து, வளாகச் சாலையில் ஊர்தியில் கொண்டுபோவார்கள்.

4. புதிய கட்டடத்தின் பெரிய தொட்டியில் கலனை இறக்கி, நீருக்குள்ளேயே கற்றைகளை அடுக்குகளில் நிறுத்துவார்கள்.

மிகக் கவனம் தேவைப்படுவது இரண்டாம், மூன்றாம் படிகளில்தான். கலன் மிகக் கனமானது. பாரந்தூக்கியின் கம்பியோ கொக்கியோ தவறினால் கலனுக்குச் சேதம் வராவிட்டாலும் தொட்டியின் தரை உடையலாம். அதனால்தான் இரட்டைக் கம்பி, இரட்டைத் தடை, தூக்கும் உயரத்துக்கு வரம்பு என்று விதிகள் இருக்கின்றன.

இரண்டாவது ஆபத்து மெதுவானது. நீரில் குளோரைடு ஏறினால், வடிகட்டும் பிசின் தீர்ந்தும் மாற்றாமல் விட்டால், எஃகு வேய்வு அரிக்கத் தொடங்கும். கடலோரக் காற்றில் உப்பு இருக்கும் இடத்தில் இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. வேய்வுக்குப் பின்னால் கசிவு சேரும் குழாய்களில் எவ்வளவு நீர் வருகிறது என்று அளப்பதுதான் முதல் எச்சரிக்கை மணி.

மூன்றாவது, குளிர்விப்பு நிற்பது. ஐந்து, பத்து ஆண்டு ஆறிய எரிபொருள் என்பதால் நீர் கொதிநிலையை எட்ட நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கும். அதற்குள் தீயணைப்பு வண்டிக் குழாயால் நிரப்பினாலும் போதும். புதிதாக எடுத்த கற்றைகளைக் கலந்து வைத்தால் இந்த அவகாசம் சுருங்கிவிடும். 2003 ஏப்ரலில் ஹங்கேரியின் பாக்ஸ் நிலையத்தில் நடந்தது இதற்குச் சரியான பாடம். அதுவும் விவிஇஆர் குடும்பத்தைச் சேர்ந்த உலைதான். 30 கற்றைகளை நீருக்கடியில் ஒரு தனிக் கலனில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கலனுக்குள் போதிய நீரோட்டம் இல்லை; உள்ளே நீராவி சேர்ந்தது; கற்றைகள் உடைந்துபோயின. சுற்றிலும் நீர் நிரம்பியிருந்தும் அந்தச் சிறு கலனுக்குள் குளிர்விப்பு போதவில்லை.

இதெல்லாம் அணுகுண்டு போல வெடிக்கும் பொருளா என்றால், இல்லை. அதற்கான அமைப்பே அதில் கிடையாது. கவலை கதிரியக்கக் கசிவைப் பற்றியது. உலைக் கட்டடத்தின் தொட்டிக்கு இருக்கும் கவசம் ஏஎஃப்ஆர் கட்டடத்துக்கு இருக்காது. ஆறிய எரிபொருளுக்கு அது தேவையில்லை என்பது பொறியாளர்களின் வாதம். வெப்பக் கணக்கின்படி அது நியாயமான வாதம்தான். ஆனால் "அதே பாதுகாப்பு" என்று மக்களிடம் சொல்வது சரியல்ல. குறைந்த ஆபத்துக்கு ஏற்ற குறைந்த கவசம் என்று உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும்.

நீர்த்தொட்டிக்கு ஒரு மாற்றும் உண்டு: உலர் கலன். பல ஆண்டு ஆறிய கற்றைகளை எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்த கலனில் அடைத்து, மந்த வாயு நிரப்பி, திறந்த தளத்தில் நிறுத்துவது. வெளிக்காற்று தானே ஓடி வெப்பத்தை எடுத்துச்செல்லும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அமெரிக்காவில் இதுவே வழக்கமாகிவிட்டது. 2011இல் புகுஷிமா டாய்ச்சி நிலையத்தைச் சுனாமி தாக்கியபோது அங்கிருந்த 9 உலர் கலன்களும் வெள்ளத்தில் மூழ்கின. உள்ளே இருந்த எரிபொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடங்குளம் போன்ற கடலோர இடத்தில், பத்தாண்டு தாண்டிய கற்றைகளுக்கு உலர் கலனே மேல் என்பது என் கணிப்பு.

"தற்காலிகம்" எத்தனை ஆண்டு?

என்னைப் பொறுத்தவரை சிக்கலின் மையம் கட்டடத்தில் இல்லை, இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 1988 நவம்பரில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது எரிந்த எரிபொருள் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிப் போகும் என்பது ஏற்பாடு. சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1998 ஜூனில் ரஷ்யாவுடன் போட்ட துணை ஒப்பந்தத்தில் அது இந்தியாவிலேயே இருக்கும் என்று மாறியது. கூடங்குளத்து மக்களுக்கு முதலில் சொல்லப்பட்ட திட்டமும் பின்னால் வந்த திட்டமும் ஒன்றல்ல. அந்த மாற்றத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அடுத்தது நீதிமன்றம். பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் கோ.சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில் 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது. கூடவே பல நிபந்தனைகளையும் விதித்தது. எரிந்த எரிபொருளைக் கூடங்குளத்திலேயே வைத்திருப்பார்களோ என்ற மக்களின் அச்சம் நீங்க, நிரந்தரமான ஆழ்நிலக் களஞ்சியத்தை விரைவில் அமைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஐந்து ஆண்டுகளில் செய்வதாக நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் (என்பிசிஐஎல்) கூறியதும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஐந்து ஆண்டு முடிந்த 2018இல் களஞ்சியத்துக்கு இடம்கூடத் தேர்வாகவில்லை. அந்த ஜூலையில் ஏஎஃப்ஆர் கட்டுவதற்கு 2022 ஏப்ரல் 30 வரை நீதிமன்றம் அவகாசம் தந்தது. நிரந்தரக் களஞ்சியம் பற்றிய பேச்சாகத் தொடங்கியது தற்காலிகத் தொட்டியில் வந்து முடிந்தது.

இப்படி நீளும் 'தற்காலிக'த்துக்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் 1969 முதல் அமெரிக்க எரிபொருளில் ஓடின. அதற்கான 1963 ஒப்பந்தம் 30 ஆண்டுக்கானது. எரிந்த எரிபொருளை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மறுசெயலாக்கத்துக்கும் (யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பதற்கும்) ஒப்புதல் தரவில்லை. அது பல பத்தாண்டுகளாகத் தாராப்பூர் வளாகத்திலேயே கிடந்தது. விபத்து ஏதும் நடந்துவிடவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரி மாறினால் ஒரு ஊர் எத்தனை தலைமுறைக்குக் காவல் காக்க வேண்டியிருக்கும் என்பதை அது காட்டியது.

மறுசெயலாக்கம் செய்தால் தீர்ந்துவிடுமா?

அரசின் பதில் இதுதான். கற்றையை வெட்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த எண்ணெய்க் கரைப்பானால் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பார்கள். எஞ்சும் உயர்நிலைக் கழிவுத் திரவம் தொட்டிகளில் சேரும். இந்தக் கட்டம்தான் முழுச் சங்கிலியிலும் மிக அபாயமானது. 1957 செப்டம்பர் 29 அன்று சோவியத் நாட்டின் மாயாக் வளாகத்தில் குளிர்விப்பு செயலிழந்த ஒரு கழிவுத் தொட்டி வெடித்தது. நீர் வற்றி, மிஞ்சிய நைட்ரேட்டு உப்புகள் சூடேறி வெடித்த வேதி வெடிப்பு அது. அதனால் திரவத்தை அதிக நாள் வைத்திருக்காமல் போரோசிலிக்கேட் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் குடுவையில் ஊற்றி இறுகவிட வேண்டும். இந்தியா இதைத் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் மூன்றிலும் செய்கிறது. குடுவைகள் காற்றோட்டத்தால் ஆறும் நிலவறைகளில் பல பத்தாண்டு காத்திருக்கும்.

ஆனால் ஒரு இடைவெளி இருக்கிறது. கல்பாக்கத்தின் மறுசெயலாக்க ஆலை 1998இல் தொடங்கியது. அது கனநீர் உலைகளின் எரிபொருளுக்காகக் கட்டப்பட்டது. அந்த எரிபொருள் செறிவூட்டாதது, ஒரு டன்னுக்குச் சுமார் 7,000 மெகாவாட்-நாள் (ஒரு டன் எரிபொருள் தந்த வெப்பத்தின் அளவு) மட்டுமே எரிந்தது. கூடங்குளக் கற்றை செறிவூட்டியது, 40,000க்கு மேல் எரிந்தது, நீளமும் பல மடங்கு. வெட்டும் கருவி, கரைக்கும் கலன், தொடர்வினைத் தடுப்பு எல்லாமே வேறாக இருக்க வேண்டும். "மறுசெயலாக்கத்துக்கு அனுப்புவோம்" என்றால் எந்த ஆலைக்கு, எந்த ஆண்டில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவிர, மறுசெயலாக்கம் கழிவை ஒழிப்பதில்லை. புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தால் காவல் காலம் லட்சம் ஆண்டுகளிலிருந்து பத்தாயிரம் ஆண்டுகளின் அளவுக்குக் குறையும். கண்ணாடிக் குடுவைக்கும் கடைசியில் ஒரு குழி வேண்டும்.

ஆழக் குழி

பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோவில் ஓங்கலோ என்ற சுரங்கத்தை 2004இல் தோண்டத் தொடங்கினார்கள். 400 மீட்டருக்கும் கீழே, சுமார் 190 கோடி ஆண்டு வயதான பாறை. எரிபொருளை வார்ப்பிரும்புக்குள் வைத்து, அதன்மேல் 5 செ.மீ. செம்பு உறையிட்டு, சுற்றிலும் நீர்பட்டால் ஊறிப் பருக்கும் பென்டோனைட் களிமண்ணை அடைக்கிறார்கள். 6,500 டன்னுக்கான இடம். பொறியியலைவிட முக்கியமான ஒன்று அங்கே உண்டு: சட்டப்படி உள்ளூராட்சிக்கு மறுக்கும் உரிமை இருந்தது. யூராயோக்கி நகராட்சி அந்த உரிமையை வைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டது. திட்டம் வகுத்தது 1983இல். சோதனை ஓட்டம் 2024இல். நாற்பது ஆண்டு.

அவசரப்பட்டவர்களின் கதை வேறு. ஜெர்மனியின் ஆஸ்ஸ உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 உருளைகளைப் போட்டார்கள். பின்னர் சுரங்கத்துக்குள் நீர் கசிந்தது. இப்போது எல்லாவற்றையும் மேலே எடுக்கத் திட்டமிடுகிறார்கள். அமெரிக்காவின் நியூமெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்தில் உள்ள ராணுவக் கழிவுச் சுரங்கத்தில் 2014 பிப்ரவரியில் ஒரு உருளை உள்ளிருந்து சூடாகி வெடித்துத் திறந்துகொண்டது. ஈரத்தை உறிஞ்சக் களிமண் போட வேண்டிய இடத்தில் தாவரப் பொருள் கலந்த உறிஞ்சியைப் போட்டிருந்தார்கள். அது நைட்ரேட்டோடு வினைபுரிந்தது. சுரங்கம் ஏறக்குறைய மூன்று ஆண்டு மூடிக்கிடந்தது. பாறையில் குறை ஏதும் இல்லை. உருளையை நிரப்பிய இடத்தில் நடந்த தவறு.

இந்தியாவில் கோலார் தங்கவயலின் சுரங்கத்தில் 1980களில் பாறையைச் சூடாக்கிப் பார்க்கும் ஆய்வு நடந்தது. 2012இல் கூடங்குளம் வழக்கில் கோலாரின் பெயர் அடிபட்டதும் அங்கே போராட்டம் வெடித்தது. அப்படி எண்ணமில்லை என்று அரசு மறுத்தது. தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகமும் கழிவுக் குழிதான் என்ற சந்தேகத்திலிருந்து தப்பவில்லை. அது துகள் இயற்பியல் ஆய்வகம். ஆனால் இடத்தைச் சொல்லாமலே வைத்திருக்கும் அரசிடம் மக்கள் ஒவ்வொரு குகையையும் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

2022 பிப்ரவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதம், எரிபொருளை ரஷ்யாவுக்கே அனுப்புங்கள் அல்லது மக்கள் வாழாத இடத்தில் ஆழ்நிலக் களஞ்சியத்தில் வையுங்கள் என்றது. நோக்கம் சரி. ஆனால் களஞ்சியம் தயாராக இருந்தாலும் கற்றைகள் முதலில் பல பத்தாண்டு ஆற வேண்டும். சூட்டோடு புதைத்தால் களிமண் கெட்டுவிடும். உலை ஓடும்வரை இடைக்காலச் சேமிப்பு எங்காவது தேவைப்படும். அதை வளாகத்தில் செய்வதுதான், நெடுஞ்சாலையில் கலன்களை ஏற்றிப் போவதைவிட ஆபத்துக் குறைவு. ஏஎஃப்ஆரை மட்டும் மறுத்துவிட்டு உலைகளை ஓட விட்டால், உலைத் தொட்டியில் நெருக்கம்தான் கூடும்.

கருத்துக்கேட்பில் கேட்க வேண்டியவை

1. ஒரு கற்றை வளாகத்தில் அதிகபட்சம் எத்தனை ஆண்டு இருக்கும்? அந்தக் கெடுவை மீறினால் உலையின் இயக்க உரிமம் என்ன ஆகும்?

2. ஐந்து ஆண்டு ஆறாத கற்றையைக் கொண்டுவருவதில்லை என்பது உரிமத்தில் நிபந்தனையாக எழுதப்படுமா, வாய்மொழி உறுதியாக இருக்குமா?

3. உலர் கலனை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? இரண்டையும் ஒப்பிட்ட ஆவணம் தமிழில் வருமா?

4. தொட்டி நீரின் தன்மை, கசிவுக் குழாய் அளவீடு, சுற்றுப்புற மீன், மண், நிலத்தடி நீர் ஆய்வு முடிவுகள் மாதந்தோறும் வெளியாகுமா? இடிந்தகரை, கூத்தன்குழி மீனவர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வகத்தில் சரிபார்க்க அனுமதி உண்டா?

5. சரிபார்ப்பவர் யார்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அரசாணையால் அமைக்கப்பட்டது. தான் கண்காணிக்க வேண்டிய துறையையே சார்ந்திருக்கிறது என்று 2012இல் தலைமைத் தணிக்கை அறிக்கை கண்டித்தது. இந்த வளாகத்தின் ஆய்வறிக்கைகள் துறையின் ஒப்புதல் இல்லாமல் வெளிவருமா?

6. 2015இல் முதல் அலகிலிருந்து முதன்முதலாக எடுத்த கற்றைகள் தொட்டியில் பத்தாண்டைக் கடந்துவிட்டன. அவை அடுத்து எந்த இடத்துக்கு, எந்த ஆண்டில் போகும்?